வாழ்த்துரைக்குப் போன பக்கங்கள்

ஆய்விதழ் நடத்துவது, எழுதாதவர்களுக்கும் வாசிக்காதவர்களுக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்கும் தொழில். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சங்கத்து அறையில், இதழாசிரியராக நான் வாங்கியதைச் சொல்கிறேன். புரூஃப் தாளும் கையுமாகப் பல்லைக் கடிக்கும் என் இனத்தவர்களுக்கு விளங்கும்.

கடிதம் முதல்

ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர் வந்தார். பதவி உயர்வுக்காக, அவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வேண்டுமாம். கட்டுரை எங்கே என்றேன். ஒரு துண்டில் தலைப்பை மட்டும் எழுதித் தந்தார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அவர் எங்கள் சங்கத் தலைவரின் மருமகன் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தோடு மருமகன் வந்து நின்றார்.

"கடிதம் வந்திட்டுது தம்பி. இனிக் கட்டுரை தானா வரும்."

ஆள் ஆர்?

கொட்டாஞ்சேனை ஜெசிந்தா டீச்சரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அந்தத் தொழிலாளர்களின் பேச்சைப் பற்றி, நாலு வருடச் சனிக்கிழமைகளைச் செலவழித்து டீச்சர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு அச்சில் வந்த கட்டுரை ஒன்று அவருக்குக் கட்டாயம் வேண்டும். பெயரை நீக்கி இரண்டு நடுவர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் மூன்று தரம் திருத்தச் சொன்னார். டீச்சர் முகம் சுளிக்காமல் திருத்தினார். மற்றவர் பேராசிரியர். எட்டு மாதம் மூச்சுக் காட்டவில்லை. கடைசியில் தொலைபேசியில் பிடித்தேன்.

"எழுதின ஆள் ஆரெண்டு முதல்ல சொல்லும். அதுக்குப் பிறகு வாசிக்கிறன்."

பன்னிரண்டு படங்கள்

சண்டை பிடித்து அவரிடமும் சம்மதம் வாங்கினேன். கட்டுரை அச்சுக்குப் போனது. கோயில் விழா மலர்களில் வருவதுபோல எங்கள் ஆய்விதழிலும் முன்னால் வாழ்த்துரைகள் வரும், படத்தோடு, ஆளுக்கொரு முழுப்பக்கம். அந்த முறை பன்னிரண்டு பேர். இதற்கு மேல் பக்கம் கூட்டினால் வெளியீட்டு விழாவுக்கு இதழ் வராது என்றது புறக்கோட்டை அச்சகம். எங்கள் செயலாளர் டீச்சரின் கட்டுரையை உருவி எடுத்துவிட்டார். நான் அச்சகமே அதிரக் கத்தினேன். வாழ்த்தைத் தூக்கு, ஆய்வை விட்டுவை என்றேன். மனிதர் அசையவில்லை.

"படத்தை எடுத்தா ஐயாமார் கோவிப்பினம். டீச்சர் கோவிக்கமாட்டா."

முதல் வாசகர்

டீச்சருக்குச் சொல்ல எனக்கு முகமில்லை, சொல்லவுமில்லை. விழா முடிந்த மறுநாள் அவரே பஸ் பிடித்து வந்தார். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. நின்றபடியே இதழைப் புரட்டினார். பொருளடக்கத்தை இரண்டு தரம் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரையில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். தலைவரின் மருமகனுடைய கட்டுரை, நடுவரிடமும் என்னிடமும் வராமல் நேரே அச்சகத்துக்குப் போன கட்டுரை. இதழின் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுத் திரும்பி வந்து, அந்தக் கட்டுரையில் ஓர் இடத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், தொடக்கத்தில இருக்கிற ரெண்டு பக்கம் கடைசியிலயும் அப்பிடியே கிடக்கு. நீங்களாவது இதை வாசிச்சனீங்களா?"

எங்கள் ஆய்விதழ் வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே போகிறது; அதை முழுதாக வாசித்தவர் இன்றுவரை ஒருவர்தான், அவருடைய கட்டுரை அதில் இல்லை.