குப்பியில் வந்த வெள்ளை

இன்று காலை ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டை கெட்டுப்போயிருந்தது. "அய்யே எளவு, கொண்டு தூரக் கொட்டுங்க" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் கிண்ணமும் கையுமாக நின்று மோந்துகொண்டிருந்தேன். அட, இது நம்ம பழையாற்றுப் பாலத்தடி வாசமல்லவா!

சிரிக்காதீர்கள். எனக்கு முதல் வேலையே அந்த நாற்றத்தில்தான். நாகர்கோவில் சாக்கடைகள் ஆற்றில் சேரும் இடத்தில் மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளன். பெரிய விஞ்ஞானி மாதிரி பாலிஷ் போட்ட ஷூவுடன் போய், முதல் நாளே முழங்கால்வரை சேற்றில் நின்றேன். கைகொடுத்துத் தூக்கியவர் செல்லையா அண்ணன். அங்கே வலைவீசி விராலும் கெளுத்தியும் பிடித்து விற்றுக் குடும்பம் நடத்தியவர். "ஆபீசரும் மீனு பிடிக்க வந்தியளா?" என்றார்.

குப்பியைத் தண்ணீருக்குள் அமுக்கியே நிரப்ப வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் வெளிக்காற்று கலந்து சோதனை பாழ். பிறகு இரண்டு மருந்தை விட்டால் உள்ளே பழுப்பாகப் பஞ்சு பஞ்சாகத் திரளும். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு வலைவீசப் போய்விடுவார். மாதாமாதம் அந்தப் பழுப்புத் திரள் வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் வலையும் வெறுமையாகத்தான் வந்தது.

ஒருநாள் குப்பியைப் பார்த்து அண்ணன் துள்ளாத குறை. "மக்கா, பாலு கணக்கா வெள்ளையாட்டு வந்துட்டு! மொதல்ல எல்லாம் அழுக்கு நெறம்லா? தண்ணி தெளிஞ்சாச்சு, இனி மீனு வரும்."

அடப்பாவமே என்றிருந்தது. "அண்ணே, தலைகீழா நெனைச்சிட்டிய. பழுப்பு வந்தாத்தான் தண்ணியில காத்து இருக்கு. வெள்ளைன்னா மீனு மூச்சுவிட ஒண்ணுமில்ல."

குப்பியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சங்கூட பழுப்பு இல்லியா மக்கா?"

அதற்குப் பிறகு கட்டட வேலைக்குப் போனார். நான் வரும் நாளில் மட்டும் சிமென்ட் காலோடு ஓடி வருவார். "நெறம் வந்துதா? வலைய வச்சிருக்கட்டா, குடுத்துரட்டா?" தற்காலிக உதவியாளனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆய்வகத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினோம். அனுப்பியதோடு சரி. கடைசியாக ஒரு மாதம் வந்தவர் குப்பியைப் பார்த்ததும் திரும்பி வேலைக்கே நடந்தார்.

இப்போது கருவியை முக்கினால் காற்றின் அளவு எண்ணாகவே வந்துவிடுகிறதாம். பாலத்துக்குக் கம்பிவலை போட்டுவிட்டார்கள். தண்ணீருக்கு இறங்கிய வழியில் புதர். போன வாரம் ஆட்டோவில் அந்தப் பாலத்தில் போனேன். பேச்சுக்கொடுத்தால், ஓட்டிய பையன் செல்லையா அண்ணனின் பேரன்! சந்தோஷத்தில் கீழே கைகாட்டி, "ஒங்க தாத்தா இங்கதான் மீனு பிடிச்சாரு" என்றேன்.

எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது சாக்கடை ஓடைல்லா சார். எங்க தாத்தா பிடிச்சது ஆத்துல."