மூன்று புள்ளி ஆசாரி

கடையநல்லூர் மாஜிதா ஓர் ஆசாரியை மனசுக்குள் வைத்திருந்தாள். வயதானவர். கண் மங்கல், கையில் நடுக்கம். நூறு வருடங்களுக்கு முன் தென்காசிப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். செய்து முடித்த வெள்ளிச் சாமானைக் கவிழ்த்து, அடியில் மூன்று புள்ளி குத்தி, கீழே சின்னதாக ஒரு கோடு போட்டுவிடுவார். அந்த அடையாளத்தோடு ஒரு பன்னீர்ச் செம்பும், குங்குமச் சிமிழும், வெற்றிலைத் தட்டும் அவளிடம் இருந்தன. மற்றதெல்லாம் அவளாக யோசித்துக்கொண்டது.

கணவர் முகம்மது யூசுப் சவூதியில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் இது. அறுந்த கொலுசை மாற்றத் தென்காசிக்குப் போயிருந்தாள். கடைக்காரர் கொக்கியில் இருந்த பொடி முத்திரையைக் காட்டி, “இது செஞ்ச ஆளு அடையாளம்லா” என்றார். வெள்ளி என்றால் எடை என்று மட்டும் நினைத்திருந்தவளுக்கு, அதற்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பது அதிசயமாக இருந்தது. அதன்பின் உருக்கப் போகிற பழைய சாமான்களைக் கிளறிப் பார்க்காமல் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை. தையல் கூலியில் மிச்சம் பிடித்து வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

யூசுப் ஊரோடு வந்துவிட்ட பிறகு, சீசனுக்குக் குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை போட்டார்.

“ஒன் ஆசாரி இன்னைக்கு என்ன சொல்லுதாரு?” என்று சீண்டுவார்.

“ஒங்கள விட நல்லாப் பேசுதாரு.”

ஒன்று மட்டும் அவளுக்கு இடித்துக்கொண்டே இருந்தது. முத்திரை என்றால் இரும்பு அச்சு. எத்தனை சாமானில் அடித்தாலும் ஒன்றுபோல விழ வேண்டும். இந்தப் புள்ளிகளோ ஒன்றில் நெருங்கியும் ஒன்றில் விலகியும் கிடந்தன. அதற்காகத்தான் அவருக்கு வயதையும் நடுக்கத்தையும் கொடுத்தாள். கொடுத்த பிறகு அவர்மேல் பிரியமும் வந்துவிட்டது.

பழம்பொருள் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவரைப் பற்றி எழுதினாள். திருநெல்வேலியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். அவளை யாரும் எதற்கும் பேசக் கூப்பிட்டதில்லை.

அந்த வாரம் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கடைக்கு ஆள் இல்லை. தென்காசியில் அன்றுதான் வாங்கிய, அதே மூன்று புள்ளி போட்ட சந்தனக் கிண்ணத்தை மாஜிதா மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரலுக்கு ஒதுங்கி, காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரப் பெண் வேல்விழி பெஞ்சில் உட்கார்ந்தாள். வடகரைக்காரி.

“குடுங்கக்கா, பாக்கேன்” என்று வாங்கியவள், கவிழ்த்துப் பார்க்காமலே விரலை அடியில் ஓட்டினாள். முகம் மாறிவிட்டது.

“இது எங்க கிடைச்சுது ஒங்களுக்கு?”

யூசுப் கையில் இருந்த மங்குஸ்தானைக் கூடையில் போட்டார். “ரசீது இருக்கும்மா. எல்லாத்துக்கும் ரசீது இருக்கு!”

“ஐயோ அண்ணாச்சி, நான் கேஸ் எழுத வரல. இது எங்க வீட்டுக் கிண்ணம். சொக்காரங்க, பங்காளிங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் எங்க வீட்டுச் சாமான்தான் போகும். எல்லார் வீட்டுக் கிண்ணமும் ஒண்ணு போலத்தான் இருக்கும், மாறிப் போயிரும்லா? அதான் எங்கம்மை ஆணி வச்சு அடையாளம் போட்டுட்டா. பந்தி முடிஞ்சதும் நான்தான் போயி அடியத் தடவிப் பாத்து எடுத்துட்டு வருவேன்.”

“இல்லம்மா” என்றாள் மாஜிதா. “இது செஞ்ச ஆசாரி போட்டது. வயசானவரு. புள்ளி நேரா இல்ல பாரு, கை நடுக்கம்…”

வேல்விழி சிரித்துவிட்டாள். “நடுக்கம் எனக்குத்தான்க்கா! அம்மை சுத்தியல ஓங்குவா, ஆணியப் பிடிக்கது நான். ரெண்டாப்பு படிக்கேன் அப்பம். வெரல்ல விழுந்துருமோன்னு பயம். பயத்துல ஆணி நகந்துரும். ஏசுவா பாருங்க!”

மாஜிதாவின் ஆசாரிக்கு இருந்த மங்கிய கண்ணும் பட்டறையும் வயதும் இல்லாமல் போயின. யூசுப் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி வாய்வரை வந்திருக்கும்; செய்யவில்லை. ஒரு பழத்தை உடைத்து, சுளைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பெறகு எப்படிம்மா கடைக்கு வந்துது?” என்றாள் மாஜிதா.

“கெணத்துக்கு மோட்டார் வாங்கணும்னு அப்பா ஒண்ணொண்ணா வித்துட்டாரு.”

“ஒங்க வீட்டுது. எடுத்துக்கிடுதியாம்மா?” இதைக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

“நான் கொண்டு போயி என்ன செய்ய? டிரான்ஸ்பர் டிரான்ஸ்பரா பெட்டி தூக்குதேன். ஒங்ககிட்ட இருந்தா எடுத்துப் பாக்கவாது செய்வீய.” எழுந்தவள், தன் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டு விசிலோடு சாரலில் இறங்கினாள்.

வீட்டில் மாஜிதா எல்லாவற்றையும் கவிழ்த்து வரிசையாக வைத்தாள். செய்தவர்களின் முத்திரை எதிலும் தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே போயிருக்கும். புள்ளிகளைத் திரும்பவும் லென்ஸில் பார்த்தாள். கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

போனாள். சாமான்களை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “நான் எழுதினது தப்பு. ஆசாரி யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளி, ஒரு சின்னப்பிள்ளை பயந்து பயந்து பிடிச்ச ஆணி போட்டது” என்று ஆரம்பித்தாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் குறிப்பெடுப்பதை நிறுத்தினார். பின்னால் இருந்த பெண்கள் எழுந்து மேசைக்கு வந்து, அடியைத் தடவிப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வேல்விழிக்குப் போன் செய்தாள்.

“பேசியாச்சாக்கா?”

“ஆச்சு. ஒண்ணு கேக்கணும். வெத்தலைத் தட்டுல மூணாவது புள்ளி விளிம்பு வரைக்கும் ஓடியிருக்கு. அன்னைக்கு என்ன ஆச்சு?”

“அதா… அன்னைக்கு அம்மை என் வெரல்லயே அடிச்சுட்டா.”

“ரொம்ப வலிச்சுதாம்மா?” என்று கேட்டாள் மாஜிதா.