இரண்டு இடாப்பிலும் ஒரு பெயர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஊர்காவற்றுறை நிவாரணக் கந்தோரில், நிவாரணம் எடுக்கும் குடும்பங்களின் பெயர்களைப் பதியும் இடாப்பு எழுதும் வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அனலைதீவுக் குடும்பம் ஒன்று எங்கள் பக்கம் குடிவந்தால், அனலைதீவு இடாப்பிலுள்ள பதிவை எங்கள் இடாப்பில் பார்த்தெழுதுவேன். முழுக் குடும்பமும் வந்து சேர்ந்தால் மட்டுமே பழைய பதிவை வெட்ட வேண்டும். கமலாக்கா வீடு பார்க்க முதலில் தனியாக வந்தார். பிள்ளைகள் தகப்பனோடு அனலைதீவில் இருந்தார்கள். அதனால் அவர் பெயரை எங்கள் இடாப்பில் எழுதினாலும், அனலைதீவுப் பதிவை நான் வெட்டவில்லை.

ஒரே பெயரை இரண்டு இடாப்பிலும் கண்ட பெரிய கிளாக்கர், “கள்ளப் பதிவு” என்று இரண்டையுமே வெட்டினார்.

“ஐயா, பிள்ளையள் இன்னும் அங்கைதான். அவை வந்தாப்பிறகுதான் வெட்ட வேணும்.”

“நாலெழுத்துப் படிச்சவுடனை எனக்குப் படிப்பிக்க வந்திட்டீரோ?”

நிவாரணக் கோதுமை மா கொடுக்கும் நாளில் கமலாக்கா வெறுங்கையோடு என் மேசைக்கு வந்தார். அனலைதீவில் பிள்ளைகளுக்கும் மா கிடைக்கவில்லையாம்.

“நான் வெட்டேல்லை அக்கா.”

“இந்த இடாப்பிலை இருக்கிறது உம்மட கையெழுத்துத்தானே பிள்ளை? படிச்ச பிள்ளை எழுதினது எண்டுதான் நம்பி வந்தனான்.”

பெரிய கிளாக்கர் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

படித்தால் என் சொல்லைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவரும் கேட்கவில்லை, கமலாக்காவும் கேட்கவில்லை.