பிஸ்கட் டின்னோடு வந்த கிராணி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம். மலாக்கா கரையிலிருந்து தள்ளி நிற்கும் கப்பல்களில் மூட்டை இறக்க, கம்பெனிப் படகில் போவோம். ஒருநாள் போகும்போதே படகு கப்பலில் மோதி என் வலது கை முறிந்தது.

மறுநாளே கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி பிஸ்கட் டின்னோடு காஜா பேராங் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். எப்போதும் ‘டேய்’ என்பவர், ஒரு காகிதத்தை நீட்டி, “தம்பி, சும்மா ஒரு கைநாட்டு வச்சிடு லா” என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

சோம்பேறித்தனத்தால் சம்பள நாளில் கைநாட்டே வைப்பேன். அதனால் எனக்குப் படிக்கத் தெரியாதென்று நினைத்துவிட்டார். வேலை தொடங்கும் முன்பே அடிபட்டதால் நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்றிருந்தது காகிதத்தில்.

“படகு உங்களுது, ஏறச் சொன்னதும் நீங்க. அப்பவே வேலை தொடங்கிடுச்சுங்க ஐயா!”

கிராணி காகிதத்தோடு டின்னையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லேபர் ஆபீசில் மனுக் கொடுத்ததும் அதிகாரியிடம் நான் கேட்டது: “அவரு டின்னைத் தூக்குறதுக்குள்ள நாலு பிஸ்கட் தின்னுட்டேங்க, சம்மதம்னு ஆயிடுமா?”