மும்பையா, சென்னையா, மத்தியானச் சாப்பாடா

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து வாழ்ந்தது கூட்டிப் பார்த்தால் ஏழு வருடம் வரும். மிச்சமெல்லாம் அவர் கப்பலில், நான் தூத்துக்குடி மில்லர்புரத்தில். வேறு ஊர்ப் பெண்களிடம் இதைச் சொன்னால் "ஐயோ பாவம்" என்பார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்துக் கப்பல்காரக் குடும்பங்களில் புருஷன் என்பவர் ஆறேழு மாதம் போய், மூன்று மாதம் வருகிறவர். மாதா கோயில் திருவிழாவைப் போலத்தான். வந்தால் வீடு நிறைய ஆளும் மீனும் சத்தமும். கொடி இறக்கிவிட்டால் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

அவர் கப்பலில் சீஃப் இன்ஜினியர். போன வருடம் லீவில் வந்தவர், ஒரு நாள் காலையில் சீலா மீன் குழம்பில் இட்லியை முக்கியபடியே, "போதும்ளா. இனிமே கப்பல் ஏறல. கரையிலயே வேல பாக்கப் போறேன்" என்றார்.

மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே இனி வீட்டில் இருக்கப் போவது நாங்கள் இரண்டே பேர். அதுவும் தினமும். "ரொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் ஒரு பாத்திரமும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

தப்பாக நினைக்க வேண்டாம். மனுஷர் தங்கம். குடிக்க மாட்டார், கை ஓங்கியதில்லை, என் தம்பியின் வேலைக்காக நாலு துறைமுகத்திலிருந்து போன் போட்டவர். ஆனால் எங்கள் இல்லறத்துக்கு மூன்று மாதம் என்று ஓர் அளவு உண்டு. முதல் மாதம் அவர் விருந்தாளி. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "ஆகா" என்பார். இரண்டாம் மாதம் கடைக்குப் போவார், பரணைத் துடைப்பார், அண்ணாச்சி கடையில் நின்று பனாமாக் கால்வாயைப் பற்றிச் சொல்லுவார். மூன்றாம் மாதம் பிறந்ததும் மறுபடி சீஃப் இன்ஜினியர் ஆகிவிடுவார். மிளகாய்த்தூள் டப்பாவில் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். தண்ணீர் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுத, சுவிட்சுக்குப் பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு தொங்கும். இருபது வருடமாகக் கட்டிலில் குறுக்கே படுத்துப் பழகிய என்னை நேராகப் படுக்கச் சொல்லுவார்.

சண்டை அப்போதுதான் ஆரம்பிக்கும். ஆரம்பித்து, சூடேறி, "ஒங்க அம்மா இருக்காங்களே" என்கிற கட்டத்தை நெருங்குவதற்குள் கம்பெனியிலிருந்து விமான டிக்கெட் வந்துவிடும். உடனே இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிடும். நான் ஊறுகாய் கட்ட ஆரம்பிப்பேன். இத்தனை வருடத்தில் எங்கள் சண்டை ஒன்றுகூட முடிந்ததில்லை. எல்லாம் பாதியில் கப்பல் ஏறியவை. கிட்ட இருந்தால் முட்டப் பகை, எட்ட இருந்தால் கிட்ட உறவு என்று சும்மாவா சொன்னார்கள்? இனிக் கப்பலே இல்லை என்றால் அந்தச் சண்டைகளை யார் வந்து நிறுத்துவது? நாங்கள் என்ன ஆவோம்? எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். இதைப் போய் அவரிடம் சொல்ல முடியுமா?

ஊரில் அவர் தகுதிக்கு வேலை அமையவில்லை. வந்தவை இரண்டு. ஒன்று மும்பையில், ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் ரிப்பேர் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது. இன்னொன்று சென்னைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில், கப்பலுக்குப் போகும் பையன்களுக்கு இன்ஜின் சொல்லிக் கொடுப்பது. இரண்டு இடத்துக்கும் ஒரே திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீயே சொல்லுளா, எந்த ஊரு?" என்றார். "நான் எங்கனயும் இருந்துருவேன். நீதான இருக்கப் போற?"

நாற்பது நாடு பார்த்தவர் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரைப் பற்றிப் பெருமை. உண்மையில் அவர் பார்த்தது நாற்பது நாட்டுத் துறைமுக மேடை. மும்பை என்றால் அவருக்கு நங்கூரம் போட்டு நாலு நாள் காத்துக் கிடந்த இடம். சென்னை என்றால் துறைமுக கேட்டுக்கு வெளியே ஒரு பரோட்டாக் கடை. நான் பார்த்ததோ தூத்துக்குடியும் வேளாங்கண்ணியும். இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஊரைத் தேர்ந்தெடுப்பதாவது! மகளிடம் போனில் கேட்டேன். "அப்பா எங்க இருந்தா நல்லதுன்னு நெனைக்க?" "ஒனக்கு எது நல்லதும்மா?" என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு என் மூக்கு, அவர் மூளை. பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டு ஊரையும் நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். முதலில் மும்பை.

கடற்கரைக்குப் போனதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அங்கே கடல் மேற்கே கிடந்தது. எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுந்து வரும். அங்கே கடலுக்குள் இறங்கியது. "இது சரியில்லயே" என்றார், யாரோ மிஷினைத் திருப்பி மாட்டிவிட்டதைப் போல. அதிலிருந்து போன இடத்திலெல்லாம் வலப்பக்கம் திரும்ப வேண்டியபோது இடப்பக்கம் திரும்பினார். நானும் பின்னால் திரும்பினேன்.

எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு இருந்தது புறநகரில். அங்கிருந்து அலுவலகம் போக ரயிலில் இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். தவிர, மாதத்தில் பத்து நாள் வேறு வேறு துறைமுகங்களுக்குப் போய்க் கப்பலைப் பார்க்க வேண்டும். காலை ஆறரைக்குப் போனால் இரவு ஒன்பதாகும் என்றார் வீடு காட்டியவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். நான் "பரவால்ல, பரவால்ல" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

திரும்பும்போது மின்சார ரயிலில் ஏறினோம். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டது. அவரோ வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் "பிளீஸ், நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டிருந்தார். கப்பல் ஏணியில் அதுதான் மரியாதையாம். வண்டி அவரோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அடுத்த ஸ்டேசன்ல நிக்கேன். நீ அங்கனயே இரு, அசையாத."

நான் அசையவில்லை. ஒரு டீ வாங்கினேன். வடா பாவ் ஒன்று வாங்கினேன். ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. பத்து நிமிடம் கழித்து எதிர்த்திசையில் ஒரு வண்டி வந்தது. அது நிற்காமல் போகிற விரைவு வண்டி. அதன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர், என்னைப் பார்த்துக் கையை ஆட்டியபடியே என்னைக் கடந்து போனார். நானும் ஆட்டினேன், ஊரிலிருந்து வழியனுப்பும்போது ஆட்டுவதைப் போல. கை பழகிய கையல்லவா? அவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. புருஷனைத் தொலைத்த பெண் அழுதிருக்க வேண்டும். நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன். மனது அவ்வளவு லேசாக இருந்தது. மும்பை எனக்குப் பிடித்துப்போனது அந்த பெஞ்சில்தான்.

அடுத்த வாரம் சென்னை. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. கீழ்த்தளம், இரண்டு அறை, வாசலில் ஒரு வேப்பமரம். குசினி ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அவர் பாடம் நடத்தப் போகும் கட்டடம். நடந்தால் இருநூறு அடி. காட்டிக்கொடுத்த அலுவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் கொடுத்து வச்சவங்க. சார் மத்தியானமும் வீட்டுக்கே வந்து சாப்பிடலாம்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். காலை இட்லி, மத்தியானச் சோறு, நாலு மணிக் காப்பி, இரவுத் தோசை, ஞாயிற்றுக்கிழமை பூசை. மாதம் பூராவும். வருடம் பூராவும். டப்பாக்களில் தேதி, மோட்டாருக்கு நோட்டு, கட்டிலில் நேராக. இவரோ ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிவிட்டு, "இங்கன பெல் அடிச்சா குசினில கேக்குமா?" என்று அந்த அலுவலரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்த பிறகு நான் மும்பையின் வக்கீலாகிவிட்டேன். மும்பையில் அவர் படித்த படிப்புக்கு மதிப்பு என்றேன். கல்லூரிப் பையன்கள் சத்தம் போடுவார்கள், உங்களுக்குத் தலைவலி வரும் என்றேன். கடல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, நாம் என்ன மீன் பிடிக்கவா போகிறோம் என்றுகூடக் கேட்டேன். அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, மோட்டார் நோட்டை எடுத்துப் பார்க்கப் போய்விடுவார். மதில் மேல் பூனையாக ஒரு வாரம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேனாவும் நாலு வெள்ளைத் தாளும் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கப்பலில் ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும்போது, இறங்குகிறவர் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், எந்த பம்பு ஒழுகும், எந்த வால்வு இறுகும் என்று. அதைப் போல ஆளுக்கு இரண்டு தாளில் இரண்டு ஊரைப் பற்றியும் எழுதி, மாற்றிப் படித்து, முடிவெடுப்போம் என்றார்.

"ஆனா ஒண்ணு. நல்லா ஓடுறதப் பத்தி எழுதப்படாது. கோளாறு மட்டும்தான். எழுதாம விட்டா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். பொய் எழுதுனா அடுத்து வாரவன் உயிருக்கு ஆபத்து."

அவர் முன்னறையில் உட்கார்ந்தார், நான் குசினியில். மும்பைத் தாளில் மழை, வாடகை, இந்தி என்று மூன்று கோளாறோடு நிறுத்திக்கொண்டேன். சென்னைத் தாளில் பேனா தானாக ஓடியது. உப்புத் தண்ணீர், வெயில், கொசு, வேப்பமரத்தில் எறும்பு, மீன் கிடைக்கும் ஆனால் நம்ம மீன் இல்லை. ஆறாவதாக என்ன எழுதினேன் என்று எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். உடனே அடித்துவிட்டேன். தாளைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கினேன்.

அவருடைய மும்பைத் தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. பதினாலு கோளாறு. முதலாவது, கடல் தப்பான பக்கம். ஒன்பதாவது, இறங்க விடமாட்டேன் என்கிறார்கள். சிரித்துக்கொண்டே படித்தேன். சென்னைத் தாளை எடுத்தேன். மேலே சென்னை என்று எழுதி அடிக்கோடு. கீழே தேதியும் கையெழுத்தும். நடுவில் ஒன்றுமே இல்லை.

"இதுல எழுதலயா?" என்றேன்.

"எழுதிட்டேனே" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் தலையைத் தூக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தூக்கிப் பார்த்தபோது அவர் என் சென்னைத் தாளை வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கப்பல் நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும். மோட்டார் நோட்டில் எனக்கு இதைத்தான் வருடக்கணக்காகப் பழக்கியிருந்தார். பாழாய்ப்போன என் கை, ஸ்கேல் வைத்ததைப் போல நேராக ஒரே ஒரு கோடு போட்டிருந்தது.

"'மத்தியானமும் வீட்டுக்கு வந்துருவார்'" என்று வாய்விட்டுப் படித்தார். தாளை மடித்தார். "நீ மும்பை மும்பைன்னு ஏன் சொன்னன்னு இப்பத்தான் தெரியுது. சரிளா. மும்பைக்கே போவோம். எனக்கு ஒண்ணும் இல்ல, ரயில்ல தூங்கிக்கிடுவேன்."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. பதினாலு கோளாறையும் எழுதி வைத்துவிட்டு, எனக்கு மீன் வாங்கக் கிளம்புகிறவரைப் போல அந்த நாலு மணி நேர ரயிலை ஏற்றுக்கொள்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நீங்க வேண்டாம்னு எழுதலங்க" என்றேன். "பயமா இருக்கு. கல்யாணமான நாள்லருந்து ஒங்ககூட மூணு மாசத்துக்கு மேல இருந்ததே கெடையாது. நாலாவது மாசம் நீங்க எப்பிடி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் ஏதோ மிஷினின் ரீடிங்கைக் கேட்டதைப் போல, நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"எனக்கும் தெரியாதுளா" என்றார். "நாலாவது மாசம் நான் வீட்ல இருந்ததே இல்லயே."

முதலில் சிரித்தது நான்தான். அவர் எதற்கு என்று புரியாமல் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைக்க அந்த லேஞ்சியை வாங்கிக்கொண்டேன்.

"சென்னைக்குச் சரின்னு போடுங்க" என்றேன். "ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால வந்து குசினில நிக்கப்படாது."