இரண்டு நிமிடச் சாட்சியம்

சென்ற குளிர்காலத்தில் என் மருமகள் மூன்று வார லீவில், வளைகுடாவில் நான் வாழும் ஈசா டவுனுக்கு வந்தாள். ஓய்வெடுக்க வரவில்லை. அமெரிக்காவில் அவள் வாழும் மாநிலத்தின் சட்டமன்றக் குழு முன் இரண்டு நிமிடம் பேச அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்கு என்னிடம் பயிற்சி எடுக்க வந்திருந்தாள்.

அப்போது என் மகன் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பழைய மேசை ஒன்றை விலைபேசி, அதை எடுத்துவர ஒரு மாலை காரில் போயிருக்கிறான். வீட்டு எண் கண்ணில் படவில்லை. விற்பவர் கைபேசியை எடுக்கவில்லை. அருகிலிருந்த வீட்டில் விசாரிக்கலாம் என்று கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவர் கதவின் ஊடாகச் சுட்டார். அஞ்சிச் சுட்டேன் என்றார். தன் வீட்டுக்குள் இருப்பவர் அஞ்சியதாகச் சொன்னால், அந்த அச்சம் நியாயமானது என்றே அம்மாநிலச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வழக்குத் தொடரப்படவில்லை. வெளியில் நிற்பவரிடம் ஆயுதம் இல்லை, அவர் உள்ளே நுழைய முயலவும் இல்லை என்றால், சுட்டவரே காரணம் காட்ட வேண்டும் என்னும் திருத்தம் இப்போது குழுவின் முன் இருந்தது.

நான் இங்கே ஒரு சட்ட அலுவலகத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டத்தின் வாக்கியங்களோடு வாழ்ந்தும், சட்டம் இயற்றுபவர் ஒருவரிடம் ஒரு வாக்கியமும் பேசியதில்லை. அவள் மென்பொருள் பொறியாளர். ஆனால் அந்தக் குழுவில் ஒவ்வொருவரும் எந்தத் தொகுதி, துப்பாக்கி உரிமையாளர் சங்கம் அவருக்கு என்ன தரம் கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல அந்தச் சங்கம் உறுப்பினர்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுமாம். தேர்தலுக்கு முன் அது அட்டையில் அச்சாகி வாக்காளர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேரும். ஒரு படி இறங்கினாலும் சொந்தக் கட்சியிலேயே எதிராளி முளைத்துவிடுவார்.

"அப்போ தோத்துடும்னு தெரிஞ்சேதான் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"தோத்துடும் மாமா. ஆனா அங்க ஒரு பெரியவர் இருக்கார், கிராமத்துத் தொகுதி. எப்பவும் 'ஏ' கிரேடுதான். இந்த மாதிரி ஹியரிங்ல வாயே திறந்ததில்ல. அவர் என்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அவ்ளோதான். ஒரு தடவ கேட்டுட்டா, அடுத்த வருஷம் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்க முடியாது."

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து அவள் வேண்டியது ஒரே ஒரு கேள்வி. துக்கத்தை இவ்வளவு சிறிய, பயன்படக்கூடிய அளவுக்கு வெட்டிச் செதுக்கிக்கொண்ட ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

நாள்தோறும் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே அமர்ந்தோம். நான் சங்கத்தின் பிரதிநிதி. சுட்டவரின் பக்கத்தை நான் வாதிட வேண்டும். அதற்கு அவள் பதில் சொல்வாள்.

"மாமா, இப்படித் தயங்கித் தயங்கிப் பேசினா உங்களை வேலைய விட்டே தூக்கிடுவாங்க. ஃபீஸ் வாங்கின ஆள் மாதிரி பேசுங்க."

மறுநாள் அப்படியே பேசினேன். அவள் தலையசைத்துக் குறிப்பெடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்து எலக்ட்ரீஷியன் மீன்குழம்போடு வந்தார். முதல் தடவை இந்தத் தெருவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் அவள் கேட்டாள்.

"கண்டுபிடிக்கவா? நல்லாக் கேட்டிய. டூட்டி முடிஞ்சு வந்து நாலு நாளு அடுத்த லைன் வீட்டுல சாவியப் போட்டுத் திருகிக்கிட்டு நின்னேன். எல்லா வீடும் ஒரே மாரில்லா இருக்கு. அந்த அரபிப் பெரியவரு கதவத் தொறந்து, மாஃபி, மாஃபி, இங்க இல்லன்னு அந்தப் பக்கம் கையக் காட்டினாரு. நாலாம் நாளு ஒரு கை பேரீச்சம்பழமும் குடுத்து விட்டாரு. இங்க நம்பர் பாத்து நேரா ஒருத்தன் வந்து நின்னாம்னா, அவன் சிஐடியாத்தான் இருப்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னவர், எதிரில் இருப்பது யார் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "சொல்லுங்கண்ணே," என்றாள் அவள். எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு சொன்னாள்: "மாமா, நீங்க ஒரு கேள்விய மட்டும் விட்டுட்டே வர்றீங்க."

"எது?"

"தெரியாத வீட்டுக் கதவத் தட்டக் கூடாதுன்னு அவருக்கு யாருமே சொல்லித் தரலையான்னு."

தெரிந்தேதான் விட்டிருந்தேன். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது தீபாவளிப் பலகாரத்தைக் கையில் கொடுத்து இந்தத் தெருக்களில் நான்தான் அனுப்பினேன். கோல்ட் ஸ்டோர் என்னும் மளிகைக் கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. தெரியாவிட்டால் எந்தக் கதவையாவது தட்டிக் கேள், சொல்வார்கள் என்றேன். சொன்னார்கள். தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

கேள்வியைக் கேட்டேன். சங்கத்துக்காரர் கேட்கும் தோரணையில், நல்ல ஆங்கிலத்தில். கைபேசியில் ஓடிய இரண்டு நிமிடக் கணக்கை அவள் நிறுத்தினாள்.

"இதுக்கு இன்னும் பதில் வரல மாமா. ஃப்ளைட்ல யோசிக்கிறேன்."

விசாரணை இணையத்தில் ஒளிபரப்பானது. அங்கே காலை, இங்கே மாலை மக்ரிப் பாங்கு முடிந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் சைட்டிலிருந்து நேராக வந்து சீருடையோடு அருகில் அமர்ந்தார். முதலில் சங்கத்தின் பிரதிநிதி பேசினார். போலீஸ் வர வெகுநேரமாகும் ஊரில் தனியே வாழும் ஒரு மூதாட்டியைச் சித்திரித்தார். குரலை உயர்த்தவில்லை. என் பயிற்சியைவிடப் பலமடங்கு நன்றாகவே வாதிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூதாட்டியின் அச்சம் பொய்யன்று. பிறகு என் மருமகள் பேசினாள். இரண்டு நிமிடம் முடிய ஐந்து விநாடி இருக்கையில் நிறுத்தினாள். மூதாட்டியின் அச்சத்தை அவளும் மறுக்கவில்லை. கதவைத் திறக்காமலே ஒருவர் எதை அறிந்து அஞ்ச முடியும் என்று மட்டும் கேட்டாள்.

கேள்விகள் உண்டா என்றார் தலைவர். அந்தப் பெரியவர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார்.

"அம்மா, தெரியாத கதவைத் தட்டக் கூடாது என்று உங்கள் கணவருக்கு யாரும் கற்பிக்கவில்லையா?"

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அவர் வளர்ந்த ஊரில், வீடு தெரியாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்பார்கள்," என்றாள் அவள். "அதை அவருக்குக் கற்பித்தவர் என் மாமனார். சரியாகவே கற்பித்தார் என்று நான் நம்புகிறேன். அதற்கு உங்கள் சட்டத்தில் இடமில்லை என்றால், திருத்த வேண்டியது என் மாமனாரை அல்ல."

பெரியவர் நன்றி என்றார். வாக்கெடுப்பில் அவர் பெயர் வந்தபோது ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. முன்வரிசையிலிருந்த சங்கத்துக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். திருத்தம் தோற்றது.

"தோத்துட்டமா சார்?"

"தோத்துட்டோம்."

"பொறவு அந்தப் பெரியவரு என்னத்துக்கு ஓட்டே போடல?"

நான் பதில் சொல்வதற்குள் கைபேசி ஒலித்தது. அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தின் இரைச்சல் கேட்டது.

"மாமா, கேட்டுட்டார்."

"பாத்தேம்மா."

"அடுத்த வருஷம் இன்னும் கேப்பார். என்னென்ன கேப்பார்னு எழுதி வைங்க. லீவுக்கு வர்றேன்."

பக்கத்து வீட்டுக்காரர் டீ போட எழுந்து போனார். நான் ஒரு தாளை எடுத்து, அந்தப் பெரியவராக என்னை நினைத்துக்கொண்டு யோசித்தேன். முதலில் தோன்றியதையே முதலில் எழுதினேன்: 'உங்கள் மாமனார் இங்கு வந்து பேசுவாரா?'