கரையிலிருந்து நாற்பது காலடி

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு பெண்ணின் முதுகு. கையில் பால் பாக்கெட்டுடன், வாய்விட்டு எண்ணியபடி, அலை ஓரத்திலிருந்து மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். நாற்பதில் நின்றார்.

எங்கள் ஊர் இடுகாடு கடற்கரையில் இருக்கிறது. மலேசியாவின் பத்து பகாட் நகரிலிருந்து காரில் அரை மணி நேரம். சாலை போட வந்த தமிழர்களுக்குக் கல்லில் பெயர் பொறிக்க வசதியில்லை. பிள்ளைகளிடம் காலடிக் கணக்கைச் சொல்லிவைத்தார்கள்: பெரிய பாறைக்கு நேரே, ஏற்றத் தண்ணீர் வந்து நிற்கும் இடத்திலிருந்து இத்தனை காலடி. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் வரலாறு எழுதிய நான், அந்தக் கணக்குகளை வீடு வீடாகக் கேட்டு அச்சிட்டிருந்தேன்.

இப்போது அலைத்தடுப்புச் சுவர் வருகிறது. அகற்ற வேண்டிய பகுதியைச் சிவப்புக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். குடும்பத்தார் விண்ணப்பப் பாரம் கொடுத்தால் எலும்புகளைத் தனியாக எடுத்து மேட்டு நிலத்தில் புதைப்பார்கள். யாரும் கேட்காதவை ஒரே குழிக்குப் போகும். அன்றுதான் கடைசி நாள்.

அந்தப் பெண் துணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து ரெங்கம் என்ற ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தவர். அம்மாவைப் புதைத்த இடம் அப்பா சொல்லித்தான் தெரியும்.

“அம்மா கயித்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்காங்க, அக்கா. தப்பிச்சாங்க. உங்க புக்குல போட்ட அதே நாப்பது.”

புல் வெட்டிக்கொண்டிருந்த, எல்லோரும் பாக்சிக் என்று அழைக்கும் மலாய்ப் பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். பக்கத்து மலாய்க் கிராமத்து மீனவர்; சாலைத் தொழிலாளர் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார்.

“எங்கேருந்து எண்ணுன?”

“தண்ணியிலேருந்து, பாக்சிக்.”

“எந்தத் தண்ணி? இந்த வருஷத்துத் தண்ணியா?” கடலுக்குள் நின்ற பாறையைக் காட்டினார். “அது மேல உக்காந்து வலை தச்சிருக்கேன். அப்ப கால் நனையாது லா. தண்ணி அதுக்கு அந்தாண்ட.”

அந்தப் பெண் பால் பாக்கெட்டைக் கீழே வைத்தார். “அப்ப பத்து வருஷமா நான் யாருக்கு ஊத்துனேன்?”

“அங்க இருக்கற ஆளு உன் மாமான்னு நெனச்சேன்,” என்றார் பெரியவர்.

நான் அச்சிட்ட எண்கள் எல்லாம் சரி. எங்கிருந்து என்பதை நான் சரிபார்க்கவில்லை.

தண்ணீர் வற்றக் காத்திருந்தோம். பத்தே முக்காலுக்குப் பாறையைச் சுற்றிச் சேறு தெரிந்தது. பாறையின் கடல் பக்கத்திலிருந்து அந்தப் பெண் மறுபடி எண்ணினார். நாற்பதாவது காலடி கயிற்றுக்குள் விழுந்தது. பெரியவர் மண்வெட்டியால் மணலை வழித்தார். ஒரு சாண் ஆழத்தில் சிமெண்டு; அதில் பதித்த நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு.

“அம்மா சாப்பிட்ட தட்டு. அப்பா பதிச்சது,” என்றார். “யாரோ பேத்துட்டாங்கன்னு நெனச்சிருந்தேன்.”

என் நூலில் இருந்த மற்ற குடும்பங்களுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். பெரியவர் தொழுகைக்கு மட்டும் போய்வந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாறையிலிருந்து அளந்து காட்டினார். அலுவலகம் மூடுமுன் ஆறு பாரங்கள் போய்ச் சேர்ந்தன. பல வருடங்கள் செய்தி எழுதியிருக்கிறேன். என் பிழையை இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு அன்பாக யாரும் திருத்தியதில்லை. அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மா இப்போது மேட்டு நிலத்தில், இரண்டாம் வரிசையில், பதினேழாம் எண்ணில் இருக்கிறார்.